தம்பிக்கு எந்த ஊர்?

ஊர் என்பது தெரிந்தவர் கூட்டம். நகரம் என்பது தெரியாதவர் கூட்டம். தெரியாமை தீமை என்பர் பெரியோர். சாதியைப் பொறுத்தவரையில் அத்தெரியாமைதான் பெருநன்மை! ஊரிலே ஒருவன் தெருவில் கால் வைத்ததும், இவன் இன்னார் மகன், இன்ன தெருவினன், இன்ன இடத்திலே செருப்பைக் கழற்ற வேண்டியவன் என்று கணக்கெடுக்கும் கண்கள் ஆயிரம். சென்னைக் கடற்கரையிலே, மாலை நேரத்திலே, சுண்டல் கொறித்தபடி அமர்ந்திருக்கும் அத்தனை பேரில் எவர் எக்குலம் என்று எவரறிவார்? அலையும் அறியாது, சுண்டல் விற்கும் சிறுவனும் அறியான்!

நாள்தோறும் காலையிலே நாம் பள்ளிக்கூடம் செல்லும் பேருந்தைப் பாருங்கள். மூச்சு விட இடமில்லை. ஆகவே தீண்டாமைக்கும் இடமில்லை! 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளிலே பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. அன்று தொட்டு அக்காட்சி இன்னும் அழகு பெற்றது. பூக்கூடையை மடியில் வைத்த அம்மையார், அலுவலகம் செல்லும் நங்கை, பாத்திரம் துலக்கப் போகும் பாட்டி — மூவரும் ஒரே இருக்கையில்! பேருந்து குலுங்கினால் மூவர் தோளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எவரும் வீடு சென்று தலை முழுகுவதில்லை. சாத்திரம் பிரித்து வைத்ததைச் சக்கரம் சேர்த்து வைக்கிறது என்று எண்ணி எண்ணி மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சி, வாடகைக்கு வீடு தேடப் புறப்படும் வரையில்தான் நிலைத்தது.

நாம், நம் தாயார், தங்கை ஆக மூவர். கேட்பது இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. கையிலே ஆசிரியர் வேலை, பையிலே முன்பணம். 'டு-லெட்' என்ற பலகை தொங்கும் வாயில்தோறும் ஏறி இறங்கினோம். ஒரு வீட்டிலே, சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவர் இன்முகத்தோடு வரவேற்றார். தண்ணீர் கொடுத்தார். வாடகை பேசினோம், இசைந்தார். பிறகுதான் தொடங்கியது விசாரணை.

“தம்பிக்கு எந்த ஊர்?”

“மன்னார்குடிப் பக்கம், ஐயா.”

“மன்னார்குடிக்குப் பக்கத்திலே எது?”

“ஒரு சிற்றூர்.”

“அங்கே எந்தத் தெரு?”

“பள்ளிக்கூடத் தெரு.”

“ஓகோ! குலதெய்வம் எதுவோ?”

“எமக்குத் தெய்வமும் இல்லை, குலமும் இல்லை, ஐயா!”

பெரியவர் சிரித்தார். எழுந்து வந்து, பரிவோடு முதுகைத் தட்டிக் கொடுத்தார். தட்டிய கை அங்கேயே சற்று நின்றது, தேடியது. தேடிய நூல் அகப்படவில்லை. “வீட்டிலே கவிச்சி சமைப்பீங்களோ?” என்றார். ஆம் என்றோம். “அடடா! நேற்றே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டாரே, மறந்தே போனேன்” என்றார். பலகை அதன் பின்னர் பத்து நாளும் அவ்வாயிலில் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

இத்தனை வளைந்து வளைந்து அவர் ஏன் கேட்க வேண்டியிருந்தது? எண்ணிப் பாருங்கள். அங்கேதான் நம் முன்னோர் பெற்ற வெற்றி ஒளிந்திருக்கிறது! 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதி வாலை அறுத்தெறியச் சொன்னது. அறுத்தனர் தமிழர். பெரியார் நூற்றாண்டை ஒட்டித் தெருக்களின் பெயரிலிருந்தும் வாலை நீக்க ஆணை பிறந்தது. ஆகவேதான் இன்று பெயரைக் கேட்டால் சாதி தெரிவதில்லை. ஊரைக் கேட்க வேண்டியிருக்கிறது, தெருவைக் கேட்க வேண்டியிருக்கிறது, சாமியைக் கேட்க வேண்டியிருக்கிறது, சட்டிக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது! முன்வாசல் அடைபட்ட திருடன் கொல்லைப்புறம் சுற்றுவது போலச் சாதி சுற்றுகிறது. அதன் முன்வாசலை அடைத்தோம். கொல்லைக் கதவு திறந்தே கிடக்கிறது.

1957ஆம் ஆண்டு, திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்தது. அதை அழிக்க வேண்டும் என்றார் பெரியார். மாதக்கணக்கில் மறியல் நடந்தது; தோழர்கள் சிறை புகுந்தனர்; மறு ஆண்டு அச்சொல் மறைந்தது. அன்றும் 'என் கடை, என் பலகை, என் உரிமை' என்ற வாதம் இருந்தது. இன்று வாடகைப் பலகையிலே ஒரு புதிய வரி தோன்றியிருக்கிறது: 'சைவ உணவினர் மட்டும்.' சொல் மென்மையானது. பொருளோ பழையது! 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் புலால் உண்பவர். அப்படியானால் அந்த ஒற்றை வரி, நாட்டு மக்களில் எத்தனை பேரைப் படி ஏறாதே என்று தடுக்கிறது!

'வாடை பொறுக்காது' என்பர் சிலர். வாடைதான் காரணம் என்றால், ஞாயிறுதோறும் தாமே ஆட்டுக்கறி ஆக்கி உண்ணும் வீட்டுக்காரரும் 'தம்பிக்கு எந்த ஊர்?' என்று கேட்பானேன்? ஆம், தோழர்களே! அவ்வினாவை அக்கிரகாரம் மட்டும் கேட்கவில்லை. நாம் ஏறி இறங்கிய வீடுகளிலே, கூடத்துச் சுவரில் தலைவர்களின் படம் மாட்டியிருந்த வீடுகளும் உண்டு. மேலே பார்த்தால் தாடி வேந்தர் படம். கீழே பார்த்தால் தெருவை விசாரிக்கும் வீட்டுக்காரர்! தமக்கு மேலே இருப்பவர் கேட்டால் இழிவு. தாம் கீழே நோக்கிக் கேட்டால் எச்சரிக்கையாம்!

சென்ற மாதம் வகுப்பிலே அரசியல் சட்டம் நடத்தினோம். பதினைந்தாம் பிரிவைப் படித்தோம். கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றிலே சாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது அது. கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, அந்தப் பட்டியலிலே வாடகை வீடு இருக்கிறதா?” என்றான். இல்லை என்றோம். “அப்படியானால் சரி” என்று கூறி அமர்ந்தான். 'சரி' என்ற அச்சொல்லை அவன் சொன்ன விதம்! பதின்மூன்று வயதிலே அத்தனை சலிப்பு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒன்று 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய் என்கிறது. முன்பணத்துக்கு அளவு சொல்கிறது. சாதி கேட்டு வீடு மறுக்கலாகாது என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல முடியாததா அது? 1968ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவும் இங்கிலாந்தும், நிறம் பார்த்து வீடு மறுப்பதற்கு எதிராகச் சட்டம் இயற்றின. நிறத்துக்கு அங்கே முடிந்தது, சாதிக்கு இங்கே முடியாதா? 1997இல் கலைஞர் ஆட்சியில் சமத்துவபுரம் என்ற திட்டம் பிறந்தது. நூறு வீடுகள், ஆதிதிராவிடருக்கு நாற்பது, பிற்படுத்தப்பட்டோருக்கு இருபத்தைந்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபத்தைந்து, ஏனையோருக்குப் பத்து என்று கலந்து குடியமர்த்தி, அடுத்த வீடு எவர் வீடாயினும் அடுப்பு எரியும் என்று மெய்ப்பித்தது. அரசு கட்டிய நூறு வீட்டிலே இயன்றது, நாம் கட்டிய மாடி வீட்டிலே ஏன் இயலவில்லை?

ஆகவே, இளந்தோழர்களே, சட்டம் கேட்போம், உரக்கக் கேட்போம். ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று உண்டு. உங்களிலே பலருடைய தந்தையாருக்கு நகரத்திலே வீடு இருக்கும். மாடியிலே ஒரு பகுதி வாடகைக்கு இருக்கும். பலகையை எழுதித் தொங்கவிடும் வேலையைத் தந்தையாரிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும், மின்கட்டணம் யார் கட்டுவது — இவை போதும். வருபவரிடம் ஊரைக் கேட்கத் தந்தையார் வாயெடுத்தால், “அப்பா, அது வேண்டாம்” என்று அன்போடு தடுத்துச் சொல்லுங்கள். மேடையிலே மலையைப் பிளக்கும் நாவுக்கு, வீட்டிலே அந்த மூன்று சொல் சொல்வதுதான் கடினம். அறிவோம். ஆயினும் அங்கேதான் போர்க்களம்!

இதைப் படித்து வரும்போதே, 'இவ்வாசிரியர் என்ன சாதியோ?' என்ற எண்ணம் உங்களுள் சிலருக்கு எழுந்திருக்கலாம். அந்தப் பெரியவருக்குச் சொல்லாததை உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. எழுந்த எண்ணத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். அழிக்க வேண்டிய அடுத்த பலகை எங்கே மாட்டியிருக்கிறது என்பது விளங்கும்!