ஒளி உண்டு, வழி இல்லை

பல்கலைக்கழகக் கணினி அறைகளில் உள்ள பெரிய சர்வர்கள் பலவற்றில் ஆய்வுத் தரவு சர்வருக்குள்ளேயே இருப்பதில்லை. தனியாக நிற்கும் சேமிப்பகத்தில் இருக்கும். இரண்டையும் இணைக்கப் பெரிதும் பயன்படுவது ஃபைபர் சேனல் என்னும் வலையமைப்பு. அதன் அடிப்படைத் தரநிலை 1994இல் அமெரிக்கத் தர நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றது. சர்வரின் பின்புறம் செருகப்பட்டிருக்கும் எச்.பி.ஏ. என்னும் சிறிய அடாப்டர் அட்டையே இந்த வலையமைப்பின் வாசல். ஒன்று பழுதானாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக அடாப்டர், கேபிள், ஸ்விட்ச் என அனைத்தையும் இரட்டையாக அமைப்பார்கள். அந்த ஏற்பாட்டின் அருமையும் ஆபத்தும் ஒன்றே: ஒரு பாதை அறுந்தாலும் அது எவருக்கும் தெரிவதில்லை.

வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் துறைச் சர்வரில் ஒரு நண்பகலில் எல்லாம் உறைந்து நின்றது. பருவமழை குறித்து ஆராயும் மாணவி ஒருவரின் கணிப்பு அதில் 23 நாட்களாக ஓடிக்கொண்டிருந்தது. முழுமையாக எழுதப்பட்ட கடைசி மீட்புக் கோப்பு ஒன்பது நாள் பழையது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று வாரமே இருந்தது. கோப்புகளைப் பட்டியலிடும் எளிய கட்டளைகூடத் திரும்பி வரவில்லை. சர்வரின் சுமை எண் ஏறிக்கொண்டே போனது. செயலியோ ஏறக்குறைய சும்மா இருந்தது. வட்டின் பதிலுக்காகக் காத்து நிற்கும் பணிகளையும் லினக்ஸ் சுமையாகவே எண்ணும் என்பது அங்கிருந்த பலருக்குப் புதிய செய்தி.

"ரீபூட் செய்தால் சரியாகிவிடாதா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"ஆகிவிடும், சார். எழுதக் காத்திருப்பவை மட்டும் போய்விடும்" என்றார் கணினி நிர்வாகி. பதினொரு மாத ஒப்பந்தத்தில் பணியாற்றுபவர்; மாணவர்கள் எல்லோருக்கும் அவர் 'பய்யா'.

அவர் சொன்னதன் பொருள் இது. எல்லாப் பாதைகளும் அறுந்தால் எழுத்துகளைப் பிழையென்று திருப்பி அனுப்பாமல் வரிசையில் நிறுத்திவைக்கும்படி லினக்ஸின் மல்டிபாத் அமைப்பைப் பணிக்க முடியும். இந்தச் சர்வரில் அப்படித்தான் பணித்திருந்தார்கள். ஆகவே மாணவியின் கணிப்பு இறந்துவிடவில்லை. நினைவகத்தில் காத்து நின்றது. மறுதொடக்கம் செய்தால் அந்த வரிசையும் அழியும், கணிப்பும் அழியும். பாதையை மீட்டால் இரண்டும் பிழைக்கும். இயக்கமுறைமை சர்வரின் சொந்த வட்டில் இருந்ததால் உள்ளே நுழைந்து பார்க்கவும் முடிந்தது.

இரண்டாம் அடாப்டரின் இணைப்பு சில நொடிகள் எழுவதும் விழுவதுமாக இருந்தது. அவர் பிழைக் கணக்குகளைப் படித்துக் குறித்துக்கொண்டார். பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் படித்தார். அந்த எண்கள் டிரைவர் ஏற்றப்பட்டது முதல் சேர்ந்துவந்த மொத்தம். இன்றைய நோயைச் சொல்வது இரண்டு வாசிப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாடுதான். ஒத்திசைவு இழப்பும் சி.ஆர்.சி. பிழையும் ஏறியிருந்தன. ஒவ்வொரு தரவுச் சட்டகத்தின் இறுதியிலும் வரும் 32 பிட் சரிபார்ப்பு எண் பொருந்தாதபோது ஏறுவது இரண்டாவது கணக்கு. சட்டகங்கள் வழியில் சிதைகின்றன என்பதற்கு அதுவே சான்று. வேறொரு கணக்கில் எல்லா இலக்கமும் 'எஃப்' என்று இருந்ததைக் கண்டு ஒரு மாணவர் பதறினார். அந்த அடாப்டர் அக்கணக்கை வைத்துக்கொள்வதே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

முதல் அடாப்டரின் நிலை இன்னும் விசித்திரமாக இருந்தது. இணைப்பு நலம், ஒளி நலம், பிழை ஏதுமில்லை. ஆனால் அதன் வழியே ஒரு வட்டுகூடத் தெரியவில்லை. அவர் பழைய பராமரிப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். ஏழு மாதங்களுக்கு முன் வெளியிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் அந்த அட்டையை மாற்றியிருந்தார். ஒவ்வொரு அடாப்டரின் வாயிலுக்கும் 16 பதினறும இலக்கங்களாக எழுதப்படும் தனிப்பெயர் உண்டு. எந்தப் பெயர் எந்தச் சேமிப்பகத்தைக் காணலாம் என்பதை ஸ்விட்சில் உள்ள மண்டலப் பட்டியல் வரையறுக்கிறது. அந்தப் பெயருக்கு எந்த வட்டைக் காட்டலாம் என்பதைச் சேமிப்பகம் முடிவுசெய்கிறது. புதிய அட்டை புதிய பெயரோடு வந்தது. இரண்டு பட்டியல்களிலும் பழைய பெயரே இருந்தது. ஏழு மாதங்களாகத் துறையின் தரவு முழுவதும் ஒரே இழையில் தொங்கியிருக்கிறது. இன்னொரு பாதை ஓடிக்கொண்டிருந்ததால் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

புதிய பெயரை முதலில் ஸ்விட்சிலும் பிறகு சேமிப்பகத்திலும் பதிந்தார். சர்வரை மறுபடி தேடச் சொன்னதும் வட்டுகள் தென்பட்டன. வரிசையில் நின்ற எழுத்துகள் நகர்ந்தன. கணிப்பு நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தது. அதன் பின்னரே அவர் இரண்டாம் கேபிளின் பக்கம் போனார். அது அடுக்குச் சட்டத்தின் பின்கதவில் சிக்கி மடங்கியிருந்தது. கூர்மையாக வளைந்தால் இழையிலிருந்து ஒளி கசியும். கேபிளை மட்டும் மாற்றி, வேறெதையும் தொடாமல், கணக்குகளை மீண்டும் பார்த்தார். ஒரே நேரத்தில் இரண்டு பொருள்களை மாற்றினால் பழுது நீங்கலாம். எது பழுது என்பது தெரியாமலே போகும். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோன மாணவரையும் தடுத்தார். குறுந்தொலைவு ஃபைபர் சேனலில் ஓடுவது 850 நானோமீட்டர் லேசர். கண்ணுக்குப் புலப்படாது என்பதால் அது தீங்கற்றதாகிவிடாது.

ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றுவது, அளவைக் குறித்துவைத்துக்கொண்டு மீண்டும் அளப்பது, சான்று அழியும் வரை அவசரப்படாமல் இருப்பது ஆகியவற்றை ஆய்வு நெறிமுறை வகுப்பில் முதல் பருவத்திலேயே கற்பிக்கிறோம். அன்று பிற்பகல் முழுவதும் அந்நெறிகளைக் கடைப்பிடித்தவர் துறையின் ஆய்வாளர் பட்டியலில் இல்லாத ஒருவர். நிதி முன்மொழிவுகளில் கருவிக்கு ஒரு தலைப்பு இருக்கிறது. கருவியை அறிந்தவருக்கு இருப்பது பெரும்பாலும் 'தற்செயல் செலவு' என்னும் தலைப்பே. ஏழு மாதம் முன்பு அட்டையை மாற்றியபோது அந்தப் பணியிடம் காலியாக இருந்தது என்பதையும் அதே பதிவேடு சொல்கிறது. முன்னவரின் ஒப்பந்தம் முடிந்து, அடுத்தவர் இன்னும் வராத இடைவெளி அது. பாதை அறுந்தது அந்த இடைவெளியில்தான்.

இப்போதைய நிர்வாகியின் ஒப்பந்தமும் இந்தப் பருவத்தோடு முடிகிறது. எஞ்சிய நாட்களில் அவர் எல்லா அடாப்டர்களின் பெயர்களையும் எழுதி, எந்த ஸ்விட்சின் எந்த வாயிலில் எது என்று வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார். பாதைகளின் எண்ணிக்கை குறைந்தால் மின்னஞ்சல் அனுப்பும் சிறு நிரலையும் எழுதி வைத்திருக்கிறார். மின்னஞ்சல் யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் மாணவி தன் முகவரியைத் தரலாமா என்று கேட்டார். அடுத்த ஆண்டு அவரும் இங்கே இருக்கப்போவதில்லை. அந்த இடத்தில் எழுதுவதற்கு நிரந்தரமான ஒரு முகவரியைத் துறை இன்னும் தரவில்லை.