ஏழு ஆட்டமும் ஒரு சனிக்கிழமையும்

ஏப்ரல் மாதம் பிறந்ததும் டிட்ராய்ட் நகரத்து ஆண்பிள்ளைகளில் பலர் சவரக் கத்தியைத் தூர வைத்துவிடுவார்கள். நம்மவர்கள் சபரிமலைக்கு மாலை போட்டுக் கொண்டதும் செய்கிறார்களே, அந்த மாதிரி. ஆனால் இது ஐயப்பனுக்காக அல்ல, ஐஸ் ஹாக்கிக்காக! தங்கள் ஊர்க் கோஷ்டியான 'ரெட் விங்ஸ்' பிளே-ஆஃப் பந்தயங்களில் ஆடிக்கொண்டிருக்கும் வரையில் தாடியை எடுப்பதில்லை என்று ஒரு விரதம். 1980-ஆம் வருஷத்தை ஒட்டி நியூயார்க் ஐலண்டர்ஸ் கோஷ்டியின் ஆட்டக்காரர்கள் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது. பிறகு ரஸிகர்களுக்கும் தொற்றிக்கொண்டது. கோஷ்டி தோற்ற மறுநாள் காலையில் தாடியும் போய்விடும். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் அது ஜூன் மாதம் வரையில் போகவில்லை. "தயவு செய்து இந்தக் கோலத்தில் ஊருக்குப் போட்டோ அனுப்பிவிடாதீர்கள், உங்கள் அம்மா நான்தான் சோறு போடவில்லை என்று நினைப்பார்" என்று இவரிடம் நான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

டிட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் பல வருஷம் குடித்தனம் செய்தவள் நான். அந்தப் பக்கத்தில் இரண்டு பைத்தியங்கள் உண்டு. வசந்த காலத்தில் ஐஸ் ஹாக்கிப் பைத்தியம். இலையுதிர் காலத்தில் கல்லூரி ஃபுட்பால் பைத்தியம். சிலருக்கு ஒன்றுதான் பிடிக்கும். எனக்கு இரண்டும் பிடித்தன. இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒன்றில் தோற்றவனுக்கு 'நாளைக்கு' என்று ஒரு நாள் உண்டு. மற்றதில் அது கிடையாது; கிடையாது என்றுதான் வெகு காலம் இருந்தது. இப்போது அங்கேயும் அதைக் கொண்டு வந்துவிட்டார்கள். அது நல்லதா, கெட்டதா என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஹாக்கியைச் சொல்லிவிடுகிறேன். உறைந்த தரை, கால்களில் கத்தி பொருத்திய பூட்ஸ், கையில் வளைந்த தடி. பந்து இல்லை. அதற்குப் பதிலாக மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வட்டு. நன்றாய் அடித்தால் அது மணிக்கு 100 மைலுக்கு மேல் பறக்கும்! கோல் கீப்பரைச் சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர். முக்கால் நிமிஷம் ஆடினால் மூச்சு முட்டிவிடும். வெளியில் ஓடி வந்து உட்காருவார்கள். வேறு ஆட்கள் உள்ளே குதிப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஜனங்கள் கத்துகிற திசையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஸ்டான்லி கோப்பைக்கான பிளே-ஆஃபில் 16 கோஷ்டிகள். இரண்டிரண்டாக மோத வேண்டும். அதுவும் ஒரே ஆட்டத்தில் தீர்ந்துவிடாது. ஏழு ஆட்டங்களில் யார் முதலில் நான்கை ஜயிக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. இப்படி நான்கு சுற்று. கோப்பையைத் தொட 16 ஜயம் வேண்டும். இரண்டு மாதம் பிடிக்கும். ஆட்டம் சமமாக நின்றால், மேலும் 20 நிமிஷம். அதற்கும் மேல் இன்னொரு 20 நிமிஷம். ஒரு கோல் விழும் வரையில் விடமாட்டார்கள். 1936 மார்ச் 24-ஆம் தேதி மாண்ட்ரீல் நகரில் ரெட் விங்ஸும் மாண்ட்ரீல் மரூன்ஸும் ஆடிய ஆட்டத்தில் இப்படி ஆறாவது தடவை நீட்டிய பிறகுதான் கோல் விழுந்தது. போட்டவர் மட் புரூனெட்டோ என்ற இளைஞர். அப்போது பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது! இத்தனைக்கும் மொத்தத்தில் அந்த ஒரு கோல்தான். இன்றைக்கும் அதற்கு மேல் நீண்ட பிளே-ஆஃப் ஆட்டம் இல்லை.

சமையலறைச் சகோதரிகளுக்காக இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். டிட்ராய்ட் ரஸிகர்கள் ஆட்டத்தின் நடுவே ஐஸ் மீது ஆக்டோபஸ் வீசுவார்கள்! ஆமாம், எட்டுக் கை உள்ள அந்தக் கடல் பிராணியைத்தான். அந்தக் காலத்தில் கோப்பைக்கு எட்டு ஜயம் இருந்தால் போதும். 1952-இல் மீன் கடை வைத்திருந்த குஸிமானோ சகோதரர்கள், எட்டுக் கைக்கு எட்டு ஜயம் என்று கணக்குப் போட்டு ஒன்றை வீசி எறிந்தார்கள். அந்த வருஷம் ரெட் விங்ஸ் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜயித்துவிட்டது. அப்புறம் விடுவார்களா? அனுபவஸ்தர்கள் முன்கூட்டியே வேக வைத்துக்கொண்டு போவார்கள், வழவழப்புக் குறையுமாம். எந்தப் பாத்திரத்தில் வேக வைக்கிறார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை.

நாளைக்கு என்று ஒரு நாள் இருப்பதில் எத்தனை விசித்திரங்கள் நடக்கின்றன, பாருங்கள். 1942 இறுதிப் பந்தயத்தில் டிட்ராய்ட் முதல் மூன்று ஆட்டங்களையும் ஜயித்தது. இன்னும் ஒன்றே ஒன்று போதும். அடுத்த நான்கையும் டொராண்டோ ஜயித்துக் கோப்பையைக் கொண்டு போயிற்று! மரியன் ஹோஸ்ஸா என்ற ஆட்டக்காரரின் கதை அதைவிட வேடிக்கை. 2008-இல் அவர் பிட்ஸ்பர்க் கோஷ்டியில் ஆடி, இறுதிப் பந்தயத்தில் டிட்ராய்ட்டிடம் தோற்றார். கோப்பை வேண்டுமென்றால் டிட்ராய்ட்டில் சேருவதுதான் வழி என்று மறு வருஷம் இங்கே வந்து சேர்ந்தார். 2009-இல் அதே இரண்டு கோஷ்டிகளும் மறுபடி மோதின. ஏழாவது ஆட்டம் வரை போயிற்று. 2-க்கு 1 என்று பிட்ஸ்பர்க் ஜயித்தது! பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் இவர் திரும்பிய மறுநாளே வேறு மாப்பிள்ளைக்கு நிச்சயமான மாதிரி. பாவம், மனுஷர் சளைக்கவில்லை. சிகாகோவுக்குப் போனார். 2010-இல் கோப்பை கிடைத்தது. பிறகு இன்னும் இரண்டு தடவையும் கிடைத்தது.

இரண்டு வாரம் ஒருவரை ஒருவர் மரப் பலகையில் மோதித் தள்ளிக்கொண்டவர்கள், தொடர் முடிந்ததும் வரிசையாக நின்று கை குலுக்குவார்கள். உடைந்த பல்லும் தையல் போட்ட புருவமுமாக. எனக்கு அந்த வரிசையைப் பார்க்கத்தான் மிகவும் பிடிக்கும். கோல் விழுகிறபோது எழுந்து காப்பி போடப் போனாலும் போவேன். கை குலுக்கும்போது போகமாட்டேன்.

நாளைக்கு என்பது எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறதா என்றால், இல்லை. 1997 ஜூன் 7-ஆம் தேதி, 42 வருஷத்துக்குப் பிறகு டிட்ராய்ட்டுக்குக் கோப்பை வந்தது. ஊரே கூத்தாடியது. ஆறு நாள் கழித்து, ஆட்டக்காரர்கள் சிலரை ஏற்றிக்கொண்டு வந்த வாடகைக் கார் ஒரு மரத்தில் மோதிற்று. ரஷ்யாவிலிருந்து வந்து பேர் வாங்கியிருந்த விளாடிமிர் கான்ஸ்டான்டினோவுக்கு மூளையில் பலத்த அடி. மாலிஷ் செய்பவரான செர்கேய் மினாட்சகானோவுக்கும் அப்படியே. கான்ஸ்டான்டினோவ் பிழைத்தார், ஆனால் அப்புறம் அவர் ஆடவே இல்லை. மறு வருஷம் ஜூன் 16-ஆம் தேதி வாஷிங்டனில் டிட்ராய்ட் மறுபடியும் கோப்பையை ஜயித்தது. கோஷ்டித் தலைவர் ஸ்டீவ் ஐஸர்மன் கோப்பையை வாங்கினார். சக்கர நாற்காலியில் கான்ஸ்டான்டினோவை ஐஸ் மேல் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஐஸர்மன் அந்தக் கோப்பையை அவர் மடியில் வைத்தார். அந்த வருஷம் ஒரு ஆட்டமும் ஆடாதவர் பெயரைக் கோப்பையில் பொறிப்பது வழக்கமில்லை. ஆனாலும் தனி அனுமதி வாங்கிப் பொறித்தார்கள். ஆட்டத்தின் விதியே தெரியாத பெண்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக் கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது ஃபுட்பாலுக்கு வருவோம். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் ஆட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். அல்லது கையால் எறிய வேண்டும். எதிர்க் கட்சியின் 11 பேரும் வந்து மேலே விழுவார்கள். காலுக்கு எப்போதாவதுதான் வேலை. ஆன் ஆர்பரில் மிஷிகன் சர்வகலாசாலையின் மைதானம் 1927-இல் கட்டியது. 1,07,601 பேர் உட்காரலாம். ஆடுகிறவர்கள் மாணவர்கள். வெகு காலம் படிப்புச் செலவைத் தவிர வேறு ஒரு காசும் வாங்கக் கூடாது என்று சட்டம். மைதானம் நிறையப் பணம், ஆடுகிற பையனுக்கு மட்டும் இல்லை! 2021 முதல் அவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆயிற்று; 2025 முதல் சர்வகலாசாலையே நேராகவும் கொடுக்கலாம். வேண்டியதுதான். அடி வாங்குகிறவனுக்குக் கூலி வேண்டாமா?

மிஷிகனுக்கு ஜன்ம விரோதி, பக்கத்து மாநிலத்து ஒஹையோ ஸ்டேட். 1835-இல் டொலீடோ என்ற ஊர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பிரதேசங்களும் படை திரட்டிக்கொண்டு நின்றதுண்டு. 1897-இல் ஃபுட்பாலிலும் மோத ஆரம்பித்தார்கள். நவம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை இவர்கள் ஆடுவது வழக்கம். ஒஹையோவின் பயிற்சியாளராக இருந்த வுடி ஹேய்ஸ், மிஷிகன் என்ற பெயரை வாயால் சொல்லமாட்டார். "வடக்கே இருக்கிற அந்தப் பள்ளிக்கூடம்" என்பார். நம் பாட்டிமார்கள் புருஷன் பெயரைச் சொல்லாமல் ஜாடை காட்டுவார்களே, அதில் மரியாதை, இதில் துவேஷம்! அந்த வாரம் ஒஹையோ வளாகத்தில் பெயர்ப் பலகைகளில் உள்ள 'எம்' எழுத்தையெல்லாம் சிவப்புப் பட்டியால் அடித்துவிடுவார்கள். ஹேய்ஸிடம் உதவியாளராக இருந்து வேலை கற்றுக்கொண்ட போ ஷெம்பெக்லர்தான் 1969-இல் மிஷிகனின் பயிற்சியாளராக வந்து, முதல் வருஷமே குருநாதரின் தோற்காத கோஷ்டியை 24-க்கு 12 என்று தோற்கடித்தவர்.

இந்தச் சனிக்கிழமைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? தோற்றால் அந்த வருஷமே போயிற்று என்பதனால்தான். 2006-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரு கட்சியும் அதுவரை ஒன்றிலும் தோற்கவில்லை. நாட்டிலேயே ஒஹையோ முதலிடம், மிஷிகன் இரண்டாமிடம். ஆட்டத்துக்கு முதல் நாள் ஷெம்பெக்லர் காலமானார். மறுநாள் மிஷிகன் 42-க்கு 39 என்று தோற்றது. மூன்றே மூன்று புள்ளி! இறுதிப் பந்தயத்துக்கு இரண்டு கட்சிகளுக்குத்தான் இடம்; அந்த இடம் ஃப்ளோரிடாவுக்குப் போயிற்று. அன்று மாலை எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் பேச்சுச் சப்தம் கேட்கவில்லை.

2014-இல் நான்கு கட்சிகளுக்கு இடம் கொடுத்தார்கள். 2024-இல் அதைப் பன்னிரண்டாக்கினார்கள். அந்த வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி, ஒஹையோவின் சொந்த மைதானத்திலேயே, பாதி ஆட்டங்களுக்குச் சற்று மேல் மட்டுமே ஜயித்திருந்த மிஷிகன், அவர்களை 13-க்கு 10 என்று தோற்கடித்தது. இங்கேயும் மூன்று புள்ளிதான்! மிஷிகன் பையன்கள் எதிரியின் மைதான நடுவில் கொடியை நடப் போனார்கள். கைகலப்பு. போலீஸார் மிளகாய்ப் புகை மாதிரி ஒன்றைப் பீய்ச்ச வேண்டியதாயிற்று. கை குலுக்கும் வரிசையை நினைத்துக்கொண்டு எனக்கு வெட்கமாக இருந்தது. நம் கட்சி ஜயித்தபோதுதான் நடந்தது என்றாலும் வெட்கம் வெட்கந்தானே?

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். தோற்ற ஒஹையோ, புதிய பன்னிரண்டில் ஒன்றாக உள்ளே நுழைந்தது. டென்னஸி, ஆரகன், டெக்ஸஸ் மூன்றையும் வரிசையாக வீழ்த்திற்று. 2025 ஜனவரி 20-ஆம் தேதி நோட்டர் டேமை 34-க்கு 23 என்று ஜயித்துத் தேசிய சாம்பியன் ஆகிவிட்டது! 2006-இல் மூன்று புள்ளியில் மிஷிகனுக்கு வருஷமே போயிற்று. 2024-இல் அதே மூன்று புள்ளி ஒஹையோவை ஒன்றும் செய்யவில்லை. 'அப்படியானால் நாங்கள் ஜயித்தது என்னத்துக்கு?' என்று இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நியாயம் என்று பார்த்தால் புது ஏற்பாடுதான் சரி. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கை நடுங்கிற்று என்பதற்காக வருஷம் முழுதும் உழைத்ததை வீணாக்குவானேன்? ஹாக்கியில் அந்தத் தயவை ரஸித்தவள், ஃபுட்பாலில் மட்டும் கூடாது என்று எப்படிச் சொல்வேன்? ஆனாலும் சொல்லத்தான் தோன்றுகிறது. ஹாக்கி நெடுந்தூரப் பயணமாகத் திட்டம் போட்டது. ஏழு ஆட்டத்தில் சோர்வும் காயமும் சேர்ந்து யார் உறுதியானவன் என்பதைக் காட்டிவிடும். கல்லூரி ஃபுட்பாலில் வருஷத்துக்குப் பன்னிரண்டே ஆட்டம். ஒவ்வொன்றும் பரீட்சை நாள் மாதிரி இருந்ததுதான் அதன் ருசி. உப்பைக் குறைத்துவிட்டால் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். நல்லதுதான், சாம்பாரை வாயில் வைக்க வேண்டுமே!

எங்கள் எதிர் வீட்டு அம்மாள் ஒஹையோவில் பிறந்து வளர்ந்தவர். அந்த ஜனவரியில், விரோதியானாலும் அண்டை வீடாயிற்றே என்று ஒரு கிண்ணம் கேசரி எடுத்துக்கொண்டு போய், "வாழ்த்துக்கள்! கோப்பை உங்களுக்கு வந்துவிட்டது" என்றேன். அவர் கேசரியை வாங்கிக்கொண்டார், ருசி பார்த்தார், நன்றாயிருக்கிறது என்றார். பிறகு கதவைச் சாத்துமுன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த நவம்பர் ஆட்டத்தைப் பற்றி மட்டும் உங்கள் வீட்டுக்காரர் என்னிடம் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார்.

நான் வீட்டுக்குத் திரும்பி இவரிடம் அப்படியே சொன்னேன். அன்றைக்குத்தான் மனுஷர் வயிறாரச் சாப்பிட்டார்.