16 தாள்களில் ஒரு சுடுகாட்டுப் பாதை

ஒரு கிராமத்தில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் சுவர்களைப் பாருங்கள் என்று களப்பணிக்கு வரும் மாணவர்களிடம் சொல்வேன். பஸ் ஸ்டாப், டீக்கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டி எல்லாம் பெரும்பாலும் ஊர்ப்பக்கம்தான். காதுகுத்துக்கும் கெடா வெட்டுக்கும் அங்கே பத்தடி ஃப்ளெக்ஸ் நிற்கும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. காலனிக்காரர்கள் ஒரு கோரிக்கையை எழுதி வைத்தால்தான் "பிரச்சினை வரும்" என்ற பேச்சு கிளம்பும்.

இது இன்றைக்கு வந்த சங்கதி இல்லை. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கான விளம்பரத்தைப் பணம் கொடுத்தும் திலகரின் 'கேசரி' போட மறுத்தது. தமிழகத்தில் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் கொண்டுவந்தார்கள். நம் முன்னோர் ஒவ்வொருவரும் பேசுவதற்கு முன்னால் ஒரு தாளைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மும்பை தாதரில் அம்பேத்கரின் அச்சகம் இருந்த அம்பேத்கர் பவன் கட்டடத்தை 2016 ஜூனில் இரவோடு இரவாக இடித்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது என் களத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் காலனிகளில் ஒன்றில் பிணத்தை எடுத்துக்கொண்டு வயல் வரப்பில்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் இடுப்பளவு சேறு. ஆனால் 'அ' பதிவேட்டில் அங்கே பாதை புறம்போக்கு என்று ஒரு புல எண் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரமும் நில அளவை வரைபடமும் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். மாலைப் படிப்பகத்துப் பிள்ளைகள்தான் அதை இறக்கினார்கள்.

அந்த ஏ4 தாளை ஒரு கிராம சபையில் கொடுத்தோம். மேசையில் இருந்தவர்கள் கைமாற்றிப் பார்த்துவிட்டு, "பார்க்கலாம்" என்று மடித்து வைத்துவிட்டார்கள். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. அடுத்த கிராம சபைக்கு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பெரிதாகக் கொண்டுபோவது என்று முடிவு செய்து டவுனில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் படத்தைப் பார்த்தார், மேலே நாங்கள் எழுதியிருந்த 'எங்கள் சுடுகாட்டுப் பாதை எங்கே?' என்ற வரியைப் பார்த்தார். "அக்கா, ஸ்டேஷன்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க. நான் இங்கதான தொழில் பண்ணணும்" என்றார். இன்னொரு கடையில் அந்த வரியை எடுத்தால் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அந்த வரி இல்லாமல் போஸ்டர் எதற்கு?

அன்று இரவு படிப்பகத்தில் இருந்த பழைய லேசர் பிரிண்டரில் நாங்களே அடித்தோம். அதற்கு எந்தத் தனி மென்பொருளும் வேண்டியதில்லை. எப்படி என்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஏ4 தாள் 210 × 297 மி.மீ. ஏ0 என்பது 841 × 1189 மி.மீ., அதாவது 16 ஏ4 தாள்களின் பரப்பு. பி.டி.எஃப். கோப்பை அடோபி ரீடரில் திறந்து பிரிண்ட் கொடுத்தால் 'போஸ்டர்' என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தி 'டைல் ஸ்கேல்' இடத்தில் எத்தனை சதவீதம் என்று கொடுக்க வேண்டும். கணக்குப்படி 400 கொடுத்தால் ஏ0 வரும். ஆனால் வீட்டு பிரிண்டர்கள் தாளின் ஓரம்வரை அடிப்பதில்லை. அதனால் 400 கொடுத்தால் 16 தாள் 20, 25 என்று ஏறிவிடும். சதவீதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, முன்னோட்டத்தில் 4க்கு 4 வரும் இடத்தில் நிறுத்துங்கள். எங்களுக்கு 370இல் நின்றது. 'ஓவர்லேப்' 0.2 அங்குலம் வையுங்கள். 'கட் மார்க்ஸ்', 'லேபிள்ஸ்' இரண்டையும் டிக் செய்தால் எங்கே வெட்டுவது, எது எத்தனையாவது தாள் என்று ஒவ்வொரு தாளிலும் அச்சாகும்.

ஒட்டும்போது நான்கு ஓரத்தையும் வெட்டிவிடாதீர்கள். வலது ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மட்டும் வெட்டுங்கள். இடது, மேல் ஓரங்கள் அப்படியே இருக்கட்டும். பக்கத்துத் தாளுக்குப் பசை தடவும் இடம் அதுதான். முதலில் வரிசை வரிசையாக ஒட்டி, பிறகு நான்கு வரிசைகளையும் சேருங்கள். லேசர் அச்சு என்றால் மைதாப் பசை தாங்கும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பது போஸ்டர் ஒட்டுபவர்களின் பழைய வழக்கம். அது விஷம், வெறும் கையால் கலக்காதீர்கள். இங்க்ஜெட் மை ஈரத்தில் கரையும், அதற்குப் பின்பக்கம் செல்லோடேப் போதும். பிரிண்டர் இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடை. பக்கம் 3 ரூபாய் என்றாலும் மொத்தம் 48 ரூபாய்தான். அங்கே 16 தாளைத் தனித்தனியாகப் பார்ப்பவருக்கு ஒரு கோடும் அரை எழுத்தும்தான் தெரியும்!

இரண்டு எச்சரிக்கைகள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். மூலக் கோப்பையே எடுங்கள். அடுத்தது, வரைபடத்தைப் பெரிதாக்கியதும் அதில் அச்சாகியிருக்கும் அளவு விகிதம் செல்லாது. கோடுகளின் மேல் எழுதியிருக்கும் மீட்டர் எண்கள்தான் செல்லும். இதை நாமே போஸ்டரின் கீழே எழுதிவிட்டால், அதிகாரி அதைக் காரணம் காட்டித் தள்ள முடியாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பொதுச் சுவரில் ஒட்டினால் 1959ஆம் ஆண்டு திறந்தவெளி அழகுக்கேட்டுத் தடுப்புச் சட்டம் பாயும். தேர்தல் போஸ்டர் என்றால் அடித்தவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ. கையால் எழுதுவது தவிர எந்த முறையில் படியெடுத்தாலும் அந்தப் பிரிவில் அது அச்சுதான். வீட்டு பிரிண்டருக்கு விலக்கு இல்லை. நாங்கள் சுவரில் ஒட்டவில்லை. இரண்டு மூங்கில் கம்பில் கட்டி, கிராம சபையில் கையில் பிடித்தோம்.

அன்றைக்கு நடந்ததை நான் எந்தச் சமூகவியல் புத்தகத்திலும் படித்ததில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு அம்மா எழுந்து வந்து, கோட்டின் மேல் விரல் வைத்து, "இது எங்க காலனி, இது ஓடை, அப்ப பாதை இந்தத் தோப்புக்குள்ளதான போவுது?" என்று கேட்டார். தோப்புக்காரரும் அங்கேதான் இருந்தார். கூட்டமே வரைபடத்தைப் பார்த்தது. அதுவரை எங்கள் பேச்சு வெறும் புகாராக இருந்தது, அந்த நிமிடத்திலிருந்து ஆவணமானது. பாதையை அளந்து தரக் கோரும் தீர்மானம் பதிவேட்டில் ஏறியது.

அளவை இன்னும் நடக்கவில்லை. தாசில்தார் அலுவலகத்துக்கு அலைந்துகொண்டுதான் இருக்கிறோம். ஒரு போஸ்டர் பாதையைத் திறந்துவிடும் என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கடைக்காரரின் தயவும் இல்லாமல் நம் கேள்வியை நம் சொற்களிலேயே கேட்க முடியும். இன்றைக்கே உங்கள் காலனியின் சுடுகாட்டுக்கும் பாதைக்கும் புல எண் என்ன என்று கண்டுபிடியுங்கள். பி.டி.எஃப்.பை இறக்கி வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன. அடுத்ததற்கு 16 தாள் போதும்.