இஸ்தோப்பில் கேட்ட கதைகள்

இலங்கை மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ கதையை இந்த மழைக்காலத்தில் மறுபடி படித்தேன். தோட்டத்து வரிசை வீட்டின், லயத்துக் காம்பராவின் நெருக்கடியை அதைவிடச் சுருக்கமாக, அதைவிட வலிக்கும்படி தமிழில் வேறு யாரும் எழுதவில்லை என்பது என் கணிப்பு. வளர்ந்த பிள்ளைகளும் பெற்றவர்களும் ஒரே தரையில் படுத்துறங்கும் அறை. அந்த இருட்டில் ஒரு தகப்பனுக்கு நேர்ந்துவிடும் அவமானம். பிறகு இன்னொரு காம்பரா கேட்டு அவன் அலைகிற அலைச்சல். ஜோசப் எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை. வறுமை கொடியது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கதை செத்துப்போயிருக்கும். அவர் எழுதவில்லை. காம்பராவின் நீள அகலம் தெரிந்தவருக்கு அந்த வரி தேவைப்படாது.

படித்து முடித்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதை யாருக்காவது உரக்க வாசித்துக்காட்ட வேண்டும், அவர்கள் நடுவில் மறித்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கோத்தகிரியில் என் வீட்டில் புத்தகத்துக்குக் குறைவில்லை. கோவைக்கோ சென்னைக்கோ போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் வந்து சேர்ந்துவிடுகிறது. கேட்கிற கூட்டம்தான் இல்லை. அதை இலங்கையில், பண்டாரவளையில் விட்டுவிட்டு வந்தோம்.

எங்கள் தோட்டம் பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கம் ஏறிப்போகும் வழியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டவுனில் சந்தை. பெரியப்பா அரிசி, கருவாடு, தேங்காயோடு வீரகேசரியும் வாங்கி வருவார். பொழுது சாய்ந்ததும் இஸ்தோப்பில், காம்பராவின் முன்திண்ணையில், குப்பி லாம்பை வைத்துக்கொண்டு கதைப் பக்கத்தை விரிப்பார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களே அதிகம். ஆனால் அவர்களைப் போலக் கதை கேட்டவர்களை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை. கையில் பிளேன்டி, வாயில் ஒரு துண்டுச் சீனி, கண் லாம்பின் மேல். ஒரு கதையில் கவ்வாத்து வெட்டிய மலையில் பெண்கள் கூடை நிறையக் கொழுந்து எடுப்பதாக வந்தது. அப்பாயி உடனே, “நிறுத்துய்யா. வெட்டிப் போட்ட மலையில ஏது கொழுந்து? இவன் தோட்டத்தையே பாக்காதவன்” என்றார். பெரியப்பா அந்தக் கதையை அத்தோடு மடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

அந்த நாளில் தோட்டத்துக் கதைகள் பேப்பரில் வந்துகொண்டிருந்ததற்குப் பின்னால் ஆள்கள் இருந்தார்கள். வீரகேசரியிலிருந்த எஸ்.எம். கார்மேகம் மலைநாட்டு எழுத்தாளர்களுக்கென்றே சிறுகதைப் போட்டிகள் நடத்தினார். பரிசுக் கதைகள் 1971-ல் ‘கதைக் கனிகள்’ என்று புத்தகமாயின. தோட்டத்திலிருந்து எழுதிய கதையைத் தோட்டத்திலேயே உட்கார்ந்து கேட்டார்கள். பிழை வந்தால் இஸ்தோப்பிலேயே பிடிபட்டுவிடும்.

1948-ன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களான எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அப்பா இந்தியக் கணக்கு, அத்தையும் பெரியப்பாவும் இலங்கைக் கணக்கு. பண்டாரவளையில் ரயிலேறி, பொல்கஹவெலயில் மாறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. எங்களைப் போன்றவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அப்பா மறுபடியும் அதே வேலையில் சேர்ந்தார். தேயிலையைக் கண்டதும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எனக்கு அந்த இஸ்தோப்பு இல்லாதது பெரிய குறையாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

அதனால் இப்போது எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அவர்கள் காது வழியாகவே படிக்கிறேன்.

என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுதியை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். தலைப்புக் கதையில் ஒரு பெண் எடுத்த கொழுந்தின் நிறை மீதே சந்தேகம் விழுகிறது. கை வேகம்தான் அவளுடைய மானம். அந்த மானத்தைக் கதாசிரியர் தராசு முள்ளுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். எத்தனை றாத்தல் என்பதில் ஒரு பெண்ணின் கௌரவம் இருக்கிறது என்று வெளியாள் எவருக்கும் தோன்றாது. இந்தத் தொகுதியை 1980-ல் வெளியிட்டது மு. நித்தியானந்தனின் வைகறை. ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’யும் சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலும் அதே வைகறையில்தான் வந்தன. 1977 கலவரத்துக்கும் 1983 கலவரத்துக்கும் நடுவே, ஆள்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில், ஒருவர் இந்த மக்களின் கதைகளை ஒவ்வொன்றாகப் புத்தகமாக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைத்தாலே எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

அதே நித்தியானந்தன் எழுதி 2014-ல் க்ரியா வெளியிட்ட ‘கூலித் தமிழ்’ கட்டுரை நூல். ஒரே இரவில் படித்தேன், தூக்கம் போய்விட்டது. துரைமார் கூலிகளை அதட்டி வேலை வாங்குவதற்கென்று அச்சடித்துப் படித்த கைநூல்களைப் பற்றி ஆவணங்களோடு எழுதுகிறார். 1869-ல் வெளியான ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பி கிருஷிக் கும்மி’ பற்றியும் சொல்கிறார். தோட்டத்துக்காரனின் பக்கம் நின்று பாடிய கும்மி அது. எங்கள் பெண்கள் ஆடுகிற கும்மியின் மெட்டையே எடுத்து எங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஆய்வு நூல்களை நான் மெதுவாகப் படிக்கிறவன். இது அப்படிப் படிக்கவிடவில்லை. பெரியப்பா இருந்திருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சின்ன துரையின் பெயரைச் சொல்லியிருப்பார்.

சி.வி.யின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பு என்னைத் தவிக்கவிட்டது. தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியை ஏசும் பாட்டும் வரிசையாக இருக்கின்றன. தலவாக்கலைப் பக்கத்திலிருந்து 1947-ல் பாராளுமன்றத்துக்குப் போனவர், எதிர்க்கட்சி அரசியலுக்கும் தொழிற்சங்கத்துக்கும் நடுவே இந்தப் பாட்டுகளைத் தேடித் தேடி எழுதிவைத்தார் என்பது எத்தனை பெரிய காரியம். 1984-ல் அவர் காலமானார். அவர் தொகுத்திராவிட்டால் இவற்றில் பல பாடியவர்களோடேயே போயிருக்கும். ஆனாலும் பாட்டைத் தாளில் படிக்கும்போது எனக்குப் பசி அடங்குவதில்லை. முதல் வரியை ஒருத்தி எடுக்க, அடுத்த நிரையிலிருந்து இன்னொருத்தி வாங்கிக்கொள்வாள். மேட்டிலிருந்து மூன்றாவது குரல் சேரும். தாளில் அந்த இடைவெளி இல்லை.

இந்தியப் பக்கத்து நாவல் ஒன்றையும் சொல்ல வேண்டும். பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ 1969-ல் வந்தது. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். டேனியல் தோட்டத்து டாக்டர், தொழிற்சங்கவாதியும்கூட. நோயும் சாவும் எப்படி ஒரு லயத்துக்குள் நுழைகின்றன என்று அவருக்கு நேரில் தெரியும், அந்தப் பக்கங்களைப் படித்து நான் அழுதேன். கருப்பனும் வள்ளியும் ஆனைமலைக்கு ஏறிப்போகும்போது கண்டிச் சீமைக்குப் போன எங்கள் பாட்டன்மாரைப் பார்த்தேன். ஒரு குறை மட்டும் உண்டு. அவருடைய தொழிலாளர்கள் துன்பப்படாத நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று தெரிவதில்லை. காமன் கூத்துக்கு யார் ரதி வேஷம் கட்டுவது என்று எங்கள் லயத்தில் நடந்த சண்டையை, மாசி மாத இரவெல்லாம் விழித்திருந்த கண்களை, அந்த நாவலில் தேடினேன். நோயாளியாக வருகிறவர்களைப் பார்த்த டாக்டர் எழுதியது அது என்பதால் இருக்கலாம். அங்கேதான் ஜோசப் மேலே நிற்கிறார். அவர் பண்டாரவளை இருக்கும் ஊவாவிலேயே பிறந்தவர், ஹாலிஎலைப் பக்கம் ஊவாக்கட்டவளைத் தோட்டம். வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். லயத்துச் சிரிப்பும் அவருக்குத் தெரியும்.

கிறிஸ்டின் வில்சன் நாவலின் தமிழாக்கமான, இரா. சடகோபனின் ‘கசந்த கோப்பி’யையும் படித்தேன். கோப்பிக் காலத்துக் காட்சிகளுக்காகப் படிக்கலாம்.

இவ்வளவு படித்தும் ஒன்று கிடைக்கவில்லை. எங்கள் காற்று. மலையகக் கதை என்றாலே பனியும் அட்டையும் விடாத மழையும்தான், அது அட்டன், தலவாக்கலைப் பக்கம். ஊவா வேறு. ஆடி பிறந்தால் மேற்கே மழை கொட்டும். மலை முதுகைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது அது வறண்ட காற்றாக இறங்கும். பத்தனைப் புல் மஞ்சளாகிவிடும், உதடு வெடிக்கும், தகரம் பறந்துவிடாமல் கூரை மேல் கல் ஏற்றிவைப்போம். ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை வீசும் அந்தக் காற்றில் கொழுந்து சுருங்கி வளரும், அந்த மாதங்களின் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம், ஏலத்தில் தனி விலை. வாசத்தைப் பற்றி உலகமே எழுதியிருக்கிறது. அதே காற்றில் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையில் நின்றவளின் கை எப்படி எரிந்தது என்று நான் படித்த புத்தகம் எதிலும் இல்லை. கோத்தகிரியிலும் குளிர் இருக்கிறது, தேயிலை இருக்கிறது, சவுக்கு மரம் இருக்கிறது. அந்தக் காற்று இல்லை.

பண்டாரவளை என்ற பெயரைப் புத்தகங்களில் தேடினால் வேறொன்று வந்து நிற்கிறது. 2000 அக்டோபர் 25-ம் தேதி, பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டது. மனித உரிமை அறிக்கைகளில் எங்கள் ஊர் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. நாங்கள் மரக்கறி வாங்கப் போன டவுனுக்குப் பக்கத்தில். அதே மாவட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தயில் மண் சரிந்து லயங்களை மூடியது. இந்த இரண்டையும் பற்றி ஊவாக்காரர் ஒருவர் எழுதிய நாவல் வந்தால் நான் கடன் வாங்கியாவது வாங்குவேன்.

இப்போதெல்லாம் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் வாசிக்கிறேன். பேரப்பிள்ளை போனைப் பிடித்துக்கொள்ள, அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்கிறார். இராமையாவின் கதையை வாசித்ததும், “இது சரியா இருக்கு தம்பி. தராசுல நிக்கிறப்ப நெஞ்சு அப்படித்தான் அடிக்கும்” என்றார். ‘மீன்கள்’ வாசித்த அன்று கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்த மனுசன் வெக்கப்பட்டான் பாத்தியா. அது போதும்” என்று மட்டும் சொன்னார். அதைவிடச் சரியான விமரிசனத்தை அந்தக் கதைக்கு நான் எங்கும் படித்ததில்லை.

போன வாரம் அவரே ஒன்று கேட்டார். “நீங்க போன கதைய எல்லாம் எழுதுறாங்க. ஒங்கள ஏத்திவிட்டுட்டு நாங்க திரும்பி வந்தத யாராச்சும் எழுதியிருக்காங்களா?”

தாயகம் திரும்பியவர்கள் என்று எங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். முகாம், அலைச்சல், கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பட்ட பாடு எல்லாம் எழுத்தில் வந்திருக்கிறது. ரயில் தியத்தலாவைப் பக்கம் திரும்பிய பிறகு மேடையில் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதை வண்டியிலிருந்த நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அத்தை சொன்னார்: பஸ்ஸுக்குக் காசிருந்தும் தோட்டம்வரை நடந்தே போனார்களாம். எங்கள் காம்பராவில் அடுப்பு இன்னும் சூடாக இருந்ததாம். பாட்டி விட்டுப்போன கோழியை யாரும் அறுக்கவில்லை, மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போனபோது கணக்கப்பிள்ளை எங்கள் பெயர்களைச் செக்ரோலில், ஆள் கணக்குப் பதிவேட்டில், கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தாராம்.

இதை எழுதியிருக்கும் புத்தகம், அங்கே தங்கிவிட்டவர்களின் கையால் எழுதப்பட்டது, என் கண்ணில் படவில்லை. பதுளையிலோ பண்டாரவளையிலோ அப்பூத்தளையிலோ அப்படியொன்று அச்சாகியிருந்தால், விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். புத்தகத்துக்கும் தபாலுக்கும் ஆகும் செலவை அனுப்பிவைக்கிறேன். இன்னும் எழுதப்படவில்லை என்றால், அத்தை சொல்லத் தயாராக இருக்கிறார். அங்கே இருக்கிற பிள்ளைகள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.