கச்சான் குக்கியும் பள்ளிக்கூடக் கடிதமும்

ரொறன்ரோவில் நம்மவர் வாடகைக்கு இருக்கும் வீடுகள் பலவற்றில் அடுப்புக்குக் கீழேயுள்ள அவண், தாச்சிகளும் சட்டிகளும் அடுக்கி வைக்கும் அலுமாரியாகவே இருக்கிறது. ஊரில் போறணை என்றால் பாண் போடும் பேக்கரிக்காரருடையது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. "அம்மா, எங்களுக்கும் குக்கி சுட்டுத் தாங்கோ" என்று மகள் விடாமல் கேட்டதால்தான் தாச்சிகள் வெளியே வந்தன.

நான் பழகிக்கொண்டது ஓட்ஸ், கச்சான் பட்டர், சொக்கிளேற் மூன்றும் சேர்ந்த மெதுமையான குக்கி. பலகாரம் சுடுவதைவிட வேலை குறைவு, கொதி எண்ணெய் இல்லாததால் பிள்ளைகளும் கூட நின்று உருட்டலாம்.

அரைக் கப் பட்டரை வெளியில் வைத்து இளக விடுங்கள். அதனுடன் அரைக் கப் கச்சான் பட்டரும் ஒரு கப் சிவப்புச் சீனியும் சேர்த்து நன்றாக அடியுங்கள். பிறகு ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி வனிலா. இன்னொரு பாத்திரத்தில் ஒரு கப் கோதுமை மா, ஒரு கப் ஓட்ஸ், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து இதற்குள் போடுங்கள். ரொட்டிக்குக் குழைப்பது போல அடித்துக் குழைக்க வேண்டாம், குக்கி இறுகிவிடும். கடைசியாக ஒரு கப் சொக்கிளேற் துண்டுகள்.

தேசிக்காய் அளவில் உருட்டி, இடைவெளி விட்டுத் தட்டில் வைத்து, லேசாக அமத்தி, முன்பே 350 பாகை பரனைற்றில் சூடாக்கிய அவணில் 10 நிமிடம் விடுங்கள். ஓரம் பொன்னிறமாகி நடுப்பகுதி இன்னும் வேகாதது போலத் தெரியும்போதே எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டில் 5 நிமிடம் இருக்க, மிச்சமும் வெந்துவிடும். நடுவும் காய்ந்த பிறகு எடுத்தால் ஆறியதும் கல்லாகிவிடும். சிவப்புச் சீனியில் உள்ள கரும்புப்பாகு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மூடிய ரின்னுக்குள் ஒரு துண்டு பாணும் போட்டு வைத்தால் சில நாட்களுக்கு மெதுமை போகாது.

ஆனால் இந்தக் குக்கியைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்.

என்னிடம் கேட்டுச் சுட்ட அயல்வீட்டுத் தங்கச்சி ஒருத்தி, மகனின் பிறந்தநாளுக்கு வகுப்புக்கென்று ஒரு பெட்டி நிறைய அனுப்பினாள். பெட்டி திறக்கப்படாமலே ஒரு கடிதத்துடன் திரும்பி வந்தது. அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். "ஏன் அக்கா, எங்கட கையால செய்தது அவைக்கு ஊத்தையோ?" என்று கேட்டாள்.

கடிதத்தை வாசித்துச் சொன்னேன். வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கச்சான் ஒவ்வாது, தயவுசெய்து கச்சான் சேர்ந்த எதையும் அனுப்ப வேண்டாம் என்றுதான் இருந்தது. அந்தப் பிள்ளை தனக்குப் பக்கத்தில் இருந்து விளையாடுகிறவன்தான் என்று அவளுடைய மகனே பிறகு சொன்னான்.

கோயில் திருவிழாவில் கச்சான் கொறித்து வளர்ந்த எங்களுக்கு இது நம்பக் கடினமானது. ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் சிறு துணுக்கே போதும். நாக்கும் தொண்டையும் வீங்கி, மூச்சடைத்து, சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து வரலாம். ஒன்ராறியோவில் சப்ரினா என்ற 13 வயதுச் சிறுமி 2003இல் பள்ளியில் உணவு ஒவ்வாமை ஏற்பட்டு இறந்தாள். அவள் பெயரால் வந்த சட்டம் 2006 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இத்தகைய பிள்ளைகளைப் பாதுகாக்கும் ஒழுங்கு ஒவ்வொரு பள்ளிச் சபையிடமும் இருக்க வேண்டும் என்கிறது அது. கச்சானைத் தடுக்கும் விதி பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். ஆகவே வீட்டுப் பலகாரம் எதையும் அனுப்புமுன் ஆசிரியரிடம் கேளுங்கள். கடைச் சொக்கிளேற்றிலும் கச்சான் கலந்திருக்கலாம், பெட்டியில் உள்ளதை வாசியுங்கள். காலையில் வீட்டில் கச்சான் சாப்பிட்ட பிள்ளையைச் சவர்க்காரம் போட்டுக் கைகழுவி அனுப்புங்கள்.

பிள்ளையின் பையில் வரும் கடிதங்களை அன்றன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால் தெரிந்தவர் ஒருவரிடம் வாசிப்பித்துக் கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கச்சான் குக்கியை விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சேர்ந்து சுட்டு, தேத்தண்ணியுடன் வீட்டிலேயே சாப்பிடுங்கள்.