காவலூரை வைத்து நான் அளந்த கதை

லண்டன் ஸ்ட்ரெதமில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பாடம் முடிந்து நேரம் மிஞ்சினால் யுரேனஸ் கதை சொல்வேன். பனிப் பெருங்கோள்களான யுரேனஸும் நெப்டியூனும் பள்ளிப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தோடு போய்விடும், நாம் சொன்னால்தான் உண்டு. “யுரேனஸின் வளையத்தை முதலில் கண்டுபிடித்தது நம் காவலூர். அமெரிக்காக்காரன் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.” வாசலில் காத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர், “சேர், இது எங்களுக்கே தெரியாது” என்பார்கள். எப்படித் தெரியும்? அது பொய். சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

நடந்தது வேறு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்க இருந்தது. மறையும் விதத்தை வைத்துக் கோளின் அளவையும் வளிமண்டலத்தையும் கணக்கிட, பல நாடுகளில் காத்திருந்தார்கள். ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும். கோள் எட்ட இருக்கையிலேயே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடி இறங்கி ஏறியது. புதிய துணைக்கோளாக இருக்க வேண்டும் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஒரே ஒரு இறக்கத்தை வைத்துக்கொண்டு வேறென்ன எழுத முடியும்? இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத் தொலைநோக்கியோடு பறந்த ஜேம்ஸ் எலியட் குழுவுக்கோ, கோள் மறைப்பதற்கு முன் ஐந்து இறக்கம், பின்னாலும் அதற்கு ஈடாக ஐந்து. இரு பக்கமும் ஒத்துப்போனால் அது வளையம்தான். யாரும் யாரிடமும் திருடவில்லை. காவலூரில் பதிவை மறுபடி அலசி, அதே ஆண்டில், அதே இதழில், வளையங்கள் என்றே எழுதினார்கள். சில மாதத்தில் அவர்கள் திருத்திக்கொண்டதை நான் வருஷக்கணக்கில் திருத்தவில்லை.

நான் வாணியம்பாடிக்காரன். காவலூர் எங்கள் பக்கத்து மலை. பிரியாணியைத் தவிர எங்கள் ஊருக்கு ஒரு பெருமை வேண்டியிருந்தது. அதைவிட, பறிகொடுத்தவன் என்று சொல்லிக்கொண்டால் சபையில் தனி மரியாதை. குப்புசாமியின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. என் கதைக்கு அவர் தேவைப்படவே இல்லை.

ஸ்ட்ரெதமிலிருந்து நடக்கிற தூரத்தில் டல்ஸ் ஹில். குடும்பத் துணிக்கடையை விற்றுவிட்டு அங்கே வீட்டோடு வானாய்வகம் கட்டினார் வில்லியம் ஹக்கின்ஸ். 1871இல் யுரேனஸின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தவருக்குக் கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. முக்கியமான பட்டைகள் மீத்தேனுடையவை என்று உறுதியானது 1930களில். அவர் 1910இலேயே போய்விட்டார். கண்ணில் பட்டது இன்னதென்று தெரியாமல் போவது வானியலில் சகஜம் என்று காட்ட, கூப்பிடு தூரத்திலேயே கதை இருந்தது. அதையும் சொன்னதில்லை. அதில் திருடன் யாரும் இல்லையே.

போன குளிர்காலத்தில் பழைய மாணவி ஒருத்தி பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டுரையை அனுப்பினாள். இயற்பியல் படிக்கப் போகிறாள். முதல் பத்தியே காவலூர்தான். நம்மவர்களின் கண்டுபிடிப்பு களவு போனதைக் கேட்டுத்தான் வானியல் மேல் ஆசை வந்ததாம். “சேர், பிழை இருந்தால் சொல்லுங்கோ” என்று கீழே ஒரு வரி. சில எழுத்துப்பிழைகள் இருந்தன. அவற்றை மட்டும் திருத்தி அனுப்பினேன்.