லயத்துக்கு வந்த கொழும்புக் குரல்

ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயங்களுக்குக் கரண்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே இலங்கை வானொலி வந்துவிட்டது. எங்கள் லயத்தில் ரேடியோ இருந்த காம்பராவின் இஸ்தோப்பில்தான் சாயங்காலம் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். பெட்டரி இறங்கிவிட்டால் புதிது வாங்கச் சம்பள நாள் வர வேண்டும். மற்ற ஊர்களில் வெயிலில் வைத்துச் சூடேற்றுவார்களாம். மாதக்கணக்கில் மூடுபனி போட்டிருக்கும் மலையில் வெயிலுக்கு எங்கே போவது? அப்பாயி அவற்றை அடுப்போரம், தணல் தொடாத தூரத்தில் வரிசையாக நிறுத்தி வைப்பார். இளஞ்சூட்டோடு எடுத்துப் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் பேசும். அதற்குள் மரண அறிவித்தல் வந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் கவலை. டெலிபோன் தோட்டத்து ஆபீசிலும் தொரை பங்களாவிலும் மட்டும் இருந்த காலம். பதுளைப் பக்கம் ஒரு சாவு என்றால், ரேடியோ சொன்னால்தான் இங்கிருந்து பஸ் ஏற முடியும்.

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. அதில் தமிழுக்கு ஒரு தனி மிடுக்கை ஏற்படுத்தியவர் எஸ்.பி. மயில்வாகனன். இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்திருந்த அந்த ஆண்டுகளில் தமிழ்நாடே கொழும்பைத் திருகிக் கேட்டது. அவருக்குப் பின்னால் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று எத்தனை குரல்கள்! ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டுக்கொண்டே கூடையை எடுத்து மாட்டிய பெண்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள்.

ஆனால் என் மனதில் தங்கியிருப்பது பிறந்தநாள் வாழ்த்து. 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் நாங்கள் வெறும் நம்பர். கடிதம்கூட ஆபீஸ் வழியாகத்தான் கைக்கு வரும். அதே அரசாங்கத்தின் வானொலி, தோட்டத்தின் பெயரையும் டிவிசன் பெயரையும் சொல்லி, அப்பா அம்மா, மாமா அத்தை எல்லாரையும் ஒவ்வொருவராக அழைத்து, ஒரு கொழுந்தெடுக்கும் குடும்பத்துப் பிள்ளையை வாழ்த்தும். அன்றைக்கு அந்த வீட்டுக்கு இருந்த மதிப்பை வேறு யாரும் எங்களுக்குத் தந்ததில்லை.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறிய எங்கள் சொந்தங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்கே போனார்கள். அங்கேயும் கொழும்பைத்தான் கேட்டார்கள். சித்தப்பா எழுதும் கடிதங்களில் நலம் விசாரிப்புக்கு அடுத்த வரி, நேற்றுப் போட்ட பாட்டு கேட்டீர்களா என்பதாகவே இருக்கும்.

இப்போது எஃப்.எம். நிலையங்கள் நிறைய. பாட்டும் நிற்பதில்லை. எங்கள் தோட்டத்தின் பெயரை நிறுத்தி, நிதானமாக உச்சரிக்கும் குரலுக்குத்தான் ஏங்குகிறேன்.

அந்த நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பிடித்து வைத்தவர்கள் ஹட்டனிலும் இருப்பார்கள், நீலகிரியிலும் இருப்பார்கள். இரண்டு மலையிலும் ஈரம் அதிகம். நாடா சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். தயவுசெய்து படியெடுத்து வையுங்கள். பாட்டு எங்கேயும் கிடைக்கும். நடுவில் வாசித்த பெயர்களை வெட்டிவிடாதீர்கள்.